கடல்நீர் இன்னும் காரம்தான், பிறகு ஓடு எப்படிக் கரைகிறது?

நீலவரி (இழையைத் தொடங்கியவர்)

கடல் அமிலமாதல் பற்றி எந்தக் காணொளியைத் திறந்தாலும் ஒரே காட்சிதான். குவளையில் வினிகர், அதற்குள் ஒரு சிப்பி ஓடு, குமிழ் விட்டுக் கரைகிறது. வினிகரின் பிஹெச் 2.5 பக்கம். கடலின் மேற்பரப்போ 8.1. இடையில் ஐந்தரை அலகுக்கும் மேல், அதாவது ஹைட்ரஜன் அயனி ஏறக்குறைய நான்கு லட்சம் மடங்கு வேறுபாடு. இந்த நூற்றாண்டு முடிவில் நிலைமை மிக மோசமானாலும் கடல் 7.7, 7.8க்குத்தான் வரும் என்கிறார்கள். அதுவும் 7க்கு மேல், காரம்தான்.

என் கேள்விகள் மூன்று. காரமான நீரில் ஓடு கரைவது எப்படி? எந்த விலங்குக்கு உண்மையில் அடி விழுகிறது, எதற்கு விழவில்லை? குஞ்சு பொரிப்பகத் தொட்டியில் இதற்குக் கைமுறையாக என்ன செய்ய முடியும்?

"கடல் அமிலமாகிவிட்டது, எல்லாம் அழியும்" வகைப் பதில்கள் வேண்டாம். கணக்கோடு சொல்லுங்கள்.

---

உப்புக்கல்

வினிகர் காட்சியை நீங்கள் சந்தேகப்பட்டது சரி. அது அமிலம் சுண்ணாம்பைத் தின்பதைக் காட்டுகிறது. கடலில் நடப்பது அதுவல்ல, அங்கே சுண்ணாம்புக்கு வேண்டிய சரக்குக் குறைகிறது.

கடல்நீரில் கரைந்திருக்கும் கனிமக் கார்பனில் சுமார் 90 சதவீதம் பைகார்பனேட், 9 சதவீதம் கார்பனேட், மிச்சம் 1 சதவீதம்தான் கரைந்த கார்பன் டை ஆக்சைடு. காற்றிலிருந்து புதிதாகக் கார்பன் டை ஆக்சைடு நுழைந்தால் நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி ஒரு ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அந்த அயனி சும்மா சுற்றுவதில்லை. பெரும்பாலும் ஒரு கார்பனேட்டைப் பிடித்து அதையும் பைகார்பனேட்டாக்கிவிடுகிறது. கடைசிக் கணக்கு: ஒரு கார்பன் டை ஆக்சைடு உள்ளே, ஒரு கார்பனேட் காலி, இரண்டு பைகார்பனேட் வரவு.

ஓடு கரையுமா நிற்குமா என்பதைச் சொல்வது ஒமேகா எனப்படும் செறிவு நிலை. கால்சியம் அளவைக் கார்பனேட் அளவால் பெருக்கி, அந்தப் படிகத்தின் கரைதிறன் எண்ணால் வகுக்க வேண்டும். உப்பளவு 35 (கிலோவுக்கு 35 கிராம்) உள்ள நீரில் கால்சியம் கிலோவுக்கு 10.3 மில்லிமோல், அது கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. ஆகவே ஒமேகாவை ஆட்டிவைப்பது கார்பனேட்தான். ஒமேகா 1க்கு மேல் இருந்தால் வெறும் படிகம் அப்படியே இருக்கும், 1க்குக் கீழே போனால் கரையும். எளிதில் கரையும் சுண்ணாம்புப் படிக வகையான அரகோனைட்டுக்கு அந்த எல்லை கார்பனேட் கிலோவுக்கு ஏறக்குறைய 65 மைக்ரோமோல். வெப்பமண்டல மேற்பரப்பில் இன்று 240 அளவில் இருக்கிறது, ஒமேகா 4 பக்கம்.

இந்த வரையறையில் பிஹெச் 7 என்ற எண்ணே வரவில்லை, கவனித்தீர்களா? 5 டிகிரி குளிர்நீரில் பிஹெச் 7.75 அருகிலேயே அரகோனைட் ஒமேகா 1ஐத் தொட்டுவிடும். 28 டிகிரி வெந்நீர்க் கடலில் அதே 7.75ல் ஒமேகா இன்னும் 2 இருக்கும். பிஹெச் ஒன்றுதான், ஓட்டின் கதி வேறு. குளிர்நீர் கார்பன் டை ஆக்சைடை அதிகம் உறிஞ்சி வைத்துக்கொள்வதால்தான் துருவக் கடல்கள் முதலில் சிக்குகின்றன. வடதுருவத்தில் பனி உருகிய நீர் கலந்து காரத்தன்மையும் (அமிலத்தைச் சமன்செய்யும் அயனிகளின் மொத்த அளவு, பிஹெச் அல்ல) கால்சியமும் நீர்த்துப்போவது கூடுதல் அடி.

---

தராசு

சின்னத் திருத்தம், ஆனால் எல்லா இடத்திலும் தவறாகப் போகும் ஒன்று. தொழிற்புரட்சிக்கு முன் 8.2, இப்போது 8.1, "அதனால் அமிலத்தன்மை 30 சதவீதம் கூடியது" என்று எழுதுகிறார்கள். 0.1 அலகு என்றால் 10ன் 0.1 அடுக்கு, 1.26. அதாவது 26 சதவீதம். 30 வர வேண்டுமென்றால் இறக்கம் 0.11க்குச் சற்று மேல் இருக்க வேண்டும். இரண்டும் சரியான எல்லைக்குள்தான், ஆனால் 0.1ஐயும் 30ஐயும் ஒரே வரியில் போடாதீர்கள். கார்பனேட் அதே அளவில் குறைவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது குறைந்தது சுமார் ஆறில் ஒரு பங்கு.

---

கொம்புச்சங்கு

உப்புக்கல் சொன்னது கனிமத்தின் கதை. விலங்கின் கதை இன்னும் சிக்கலானது, ஏனென்றால் எந்த விலங்கும் திறந்த கடல்நீரில் ஓடு கட்டுவதில்லை. தோலுக்கும் ஓட்டுக்கும் இடையே ஒரு மெல்லிய திரவ அறை இருக்கும். உயிரணுக்கள் அதற்குள் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் தள்ளி, ஹைட்ரஜன் அயனியை வெளியே இறைக்கும். கிணற்றில் தண்ணீர் இறைப்பது போலத்தான். வெளியே ஹைட்ரஜன் அயனி கூடக்கூட நீர்மட்டம் கீழே போன கிணறு மாதிரி, ஒவ்வொரு வாளிக்கும் கயிறு நீளும். ஓடு கட்டவே முடியாமல் போவதற்கு வெகு முன்பே செலவு ஏறிவிடும்.

அந்தச் செலவை யார் தாங்குவார்கள் என்பதுதான் நீலவரியின் இரண்டாம் கேள்விக்குப் பதில். ஊதா நிறக் கடல் முள்ளெலியின் இளவுயிரிகளை வைத்து 2015ல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. கார்பன் டை ஆக்சைடு 800 மைக்ரோ அட்மாஸ்பியரில் (இன்றைய கடலில் 400 பக்கம்) வளர்த்தபோது உருவத்தில், வளர்ச்சியில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. உள்ளே பார்த்தால், புரதம் கட்டவும் அயனி இறைக்கவும் மட்டும் செலவான ஆற்றல் மொத்தத்தில் 55 சதவீதத்திலிருந்து 84 ஆகியிருந்தது. வெளியே இருந்து பார்க்கிறவர் "பாதிப்பில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். ஒரு நாள் தீனி குறைந்தாலோ நீர் சூடானாலோ அந்தக் குஞ்சிடம் கையிருப்பு ஏதுமில்லை.

ஆம்ஃபியூரா என்ற பாம்பு நட்சத்திரத்தில் இதைவிடக் கொடுமை. அமில நீரில் அதன் கைகளில் சுண்ணாம்பு கூடியது, வெட்டிய கை வேகமாக வளர்ந்தது. ஆனால் கைத்தசை கரைந்துபோயிருந்தது. சுண்ணாம்பை மட்டும் நிறுத்துப் பார்த்திருந்தால் "இதற்கு அமிலம் நல்லது" என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள்.

ஆளி எனப்படும் உணவுச் சிப்பியின் இளவுயிரிதான் எல்லாவற்றிலும் மோசமாக அகப்பட்டது. கரு உருவானதிலிருந்து முதல் இரண்டு நாளுக்குள், D வடிவ ஓட்டைக் கட்டி முடிக்க வேண்டும். அப்போது அதற்கு வாயும் இல்லை, தீனியும் இல்லை. முட்டையில் தாய் வைத்த கொழுப்பு மட்டும்தான் முதலீடு. அந்த அவசரத்தில் உடலெடையில் ஏறக்குறைய 90 சதவீதம் ஓடாகிறது. திரவ அறையும் சரியாக மூடியிருக்காது, வெளிநீர் கசிந்து உள்ளே வரும். போதாததற்கு, வளர்ந்த ஆளியின் ஓட்டில் பெரும்பகுதி கால்சைட், இளவுயிரியின் ஓடோ எளிதில் கரையும் அரகோனைட். பசிபிக் ஆளியிலும் மத்தியதரைக் கடல் கல்லுமேக்காயிலும் பிஹெச், கார்பன் டை ஆக்சைடு, ஒமேகா மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்ததில் முதல் ஓட்டின் உருவம் ஒமேகாவைத்தான் பின்தொடர்ந்தது. கவனியுங்கள், ஒமேகா 1க்கு வருவதற்கு முன்பே, 2க்கும் ஒன்றரைக்கும் இடையிலேயே கோணல் ஓடுகள் வரத் தொடங்கிவிடும். "1க்கு மேல் இருக்கிறது, பயமில்லை" என்பது கல்லுக்குப் பொருந்தும், குஞ்சுக்குப் பொருந்தாது.

---

உப்புக்கல்

ஒமேகாதான் எல்லாம் என்று முடித்துவிடவும் கூடாது. உயிரணு உள்ளே எடுப்பது பெரும்பாலும் பைகார்பனேட், வெளியே விடுவது ஹைட்ரஜன் அயனி. ஆகவே அவ்விரண்டின் விகிதமே தீர்மானிக்கிறது என்று ஒரு கட்சி. அந்த விகிதமும் கார்பனேட் அளவும் உப்பும் வெப்பமும் மாறாத நீரில் சேர்ந்தே ஏறி இறங்குவதால், சாதாரணச் சோதனையில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. வளர்ந்த விலங்குகளுக்கு அந்த விகித வாதம் எனக்கு ஏற்புடையது. முதல் ஓட்டுக்கு நீங்கள் சொன்ன சோதனை வலுவானது, அங்கே ஒமேகா.

---

ஊசிக்கணவாய்

"யாருக்கு அடி விழவில்லை" என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால நான் சொல்றேன்.

2009ல் 18 வகை ஓட்டு உயிரிகளை ஒரே மாதிரித் தொட்டிகளில் வைத்து ஒப்பிட்டார்கள். பத்து வகையில் சுண்ணாம்பு சேர்வது குறைந்தது. ஒன்று, நீலக் கல்லுமேக்காய், அசையவே இல்லை. மீதி ஏழில் கார்பன் டை ஆக்சைடு கூடிய ஏதாவது ஒரு நிலையில் சுண்ணாம்பு கூடியது. நண்டு, சிங்கி இறால், இறால் எல்லாம் இந்தக் கூட்டம். காரணம் புரிஞ்சுக்கக் கஷ்டமில்லை. நண்டின் ஓட்டுக்கு மேல் மெழுகும் புரதமும் கலந்த ஒரு உறை உண்டு, நீர் சுண்ணாம்பைத் தொடாது. உள்ளே அமிலச் சமநிலையை வைத்துக்கொள்ளும் திறனும் ஓட்டு உயிரிகளில் அதற்குத்தான் அதிகம். ஓட்டுக் கணவாய் 6000 பிபிஎம்மிலும் உள் ஓட்டைக் கட்டிக்கொண்டே போனது.

அதுக்காக நண்டு தப்பிச்சதுன்னு சொல்ல முடியாது. சிவப்பு ராஜ நண்டின் குஞ்சுகளை பிஹெச் 7.5ல் வைத்தபோது 95 நாளுக்குள் அத்தனையும் செத்தன. சட்டை உரிக்கும் நேரம்தான் பெரும்பாலும் காலை வாரும். புது ஓடு மெத்தென்று இருக்கும்போது உறையும் முழுசா இருக்காது.

கடல் பட்டாம்பூச்சி எனப்படும் டெரோபாட் இன்னொரு கோடி. கடுகளவு நத்தை, காகிதம் மாதிரி அரகோனைட் ஓடு, வாழ்வதோ குளிர்நீரில். கலிபோர்னியா நீரோட்டப் பகுதியில் பிடித்தவற்றைப் பார்த்தபோது கரையோர நீரில் 53 சதவீதத்தின் ஓட்டில் கடுமையான கரைப்பு, கரைக்கு அப்பால் 24 சதவீதம். சால்மன் முதல் திமிங்கிலம் வரை இதைத் தின்னும் கூட்டம் பெருசு.

கல்லுமேக்காயில் ஓட்டைவிட முக்கியமான ஒன்று: பாறையைப் பிடிக்கும் நார். கார்பன் டை ஆக்சைடு 1200 மைக்ரோ அட்மாஸ்பியரைத் தாண்டினதும் அந்த நாரின் பிடி சுமார் 40 சதவீதம் பலவீனமானது. உடம்புக்கு ஒண்ணும் ஆகல, தசைக்கும் ஆகல. நுனியில் பாறையோடு ஒட்டும் பசைதான் விட்டுக்கொடுத்தது. ஓடு நல்லா இருக்கிற கல்லுமேக்காய் அலையில அடிச்சுட்டுப் போகும்.

---

நீலவரி

மீன்கள்? கோமாளி மீன் அமில நீரில் மோப்பம் இழந்து எதிரியை நோக்கியே நீந்துகிறது என்று படித்தது மறக்கவில்லை.

---

ஊசிக்கணவாய்

அதை மறந்துடுங்க. இல்லை, பாதி மறந்துடுங்க.

2009 வாக்கில் வந்த அந்த முடிவுகளில் விளைவு நம்ப முடியாத அளவுக்குப் பெரிசு. மூளையில் நரம்புச் செய்தியை வாங்கும் காபா ஏற்பியில் குளோரைடும் பைகார்பனேட்டும் ஓடும் திசை மாறுவதால் இப்படி என்று 2012ல் ஒரு விளக்கமும் வந்தது. 2020ல் ஒரு குழு பெரிய எண்ணிக்கையில், காணொளி ஆதாரத்தோடு, பல பவளப்பாறை மீன்களில் திரும்பச் செய்தது. விளைவு ஏறக்குறைய இல்லை. 2022ல் இந்தத் துறையில் வந்த கட்டுரைகளையெல்லாம் ஆண்டுவாரியா அடுக்கிப் பார்த்தபோது, முதல் ஆண்டுகளில் மலை மாதிரி இருந்த விளைவு பத்து வருஷத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மாதிரி எண்ணிக்கை குறைந்த ஆய்வுகளில்தான் பெரிய விளைவு. இதைக் காட்டி "கடல் அமிலமாதலே பொய்" என்று சொல்கிற கூட்டமும் உண்டு, அது வேற வகை அபத்தம். மீன் நடத்தை என்ற ஒரு கிளை சாய்ந்தது. சிப்பிக் குஞ்சின் வேதியியல் அப்படியே நிற்கிறது.

மீனில் உறுதியா நிற்பது செவிக்கல். வெள்ளைக் கடற்பாஸ் குஞ்சுகளை அதிகக் கார்பன் டை ஆக்சைடில் வளர்த்தால் காதுக்குள் இருக்கும் அரகோனைட் கல் பெரிதாகிறது. எதிர்பார்ப்புக்குத் தலைகீழ். மீன் இரத்தத்தில் பைகார்பனேட்டைச் சேர்த்து அமிலத்தைச் சமன்செய்யும். அந்தப் பைகார்பனேட் செவிக்கல் இருக்கும் திரவத்திலும் ஏறுகிறது. அட்லாண்டிக் வெள்ளிப்பக்க மீனில் முட்டையும் முதல் வாரக் குஞ்சும் அதிகம் சாகின்றன. செவுள் இன்னும் சரியா வேலைசெய்யாத பருவம், அயனி மாற்றத் திறன் இல்லை.

ஒரு ஒப்பீடு: மனித இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம். மீனில் 2 முதல் 4 தான். கடல் 400லிருந்து 1000 மைக்ரோ அட்மாஸ்பியருக்குப் போனால் கூடுவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நமக்குத் தூசு, மீனுக்கு அதன் மொத்தத்தில் ஒன்பதில் ஒன்றோ நான்கில் ஒன்றோ.

---

ஓதம்

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன்.

2007, 2008ல் அமெரிக்காவின் ஓரிகான் கரையில் ஆளிக் குஞ்சு பொரிப்பகங்களில் இளவுயிரிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. முதலில் விப்ரியோ பாக்டீரியா மேல் சந்தேகம். நீரைச் சுத்திகரித்தும் சாவு நிற்கவில்லை. பிறகுதான் காரணம் தெரிந்தது: கரையோரக் காற்று ஆழத்து நீரை மேலே இழுத்துவரும் நாட்களில் எடுத்த நீர். அது சில பத்தாண்டுகளுக்கு முன் காற்றைத் தொட்ட நீர்; கீழே மக்கிய கரிமப்பொருளின் கார்பன் டை ஆக்சைடோடு மனிதர் விட்டதையும் சுமந்துகொண்டு வந்தது. அங்கே கண்டுபிடித்த தீர்வுகள் எந்தப் பொரிப்பகத்துக்கும் பொருந்தும்.

முதல் மருந்து கடிகாரம். கடற்புல்லும் பாசியும் உள்ள ஆழமற்ற நீரில் பகலெல்லாம் ஒளிச்சேர்க்கை கார்பன் டை ஆக்சைடை இழுக்கும், இரவெல்லாம் சுவாசம் திருப்பிக் கொட்டும். பிஹெச் ஒரே நாளில் அரை அலகு ஆடும் இடங்கள் உண்டு. விடியலில் எடுத்த நீர் மிக மோசம், பிற்பகலில் எடுத்தது மிகச் சிறந்தது. பம்பைப் போடும் நேரத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது காற்றூட்டம். நீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகமிருந்தால் வெளிக்காற்றைக் குமிழவிட்டு விரட்டலாம். மொத்தக் காரத்தன்மை மாறாது, ஒமேகா ஏறும். தவறு நடக்கும் இடம்: ஊதியை மூடிய அறைக்குள் வைப்பது. ஆள் நடமாடும் மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடு எளிதில் 800, 1000 பிபிஎம் போகும். அந்தக் காற்றை ஊதினால் நீங்களே 2100ஆம் ஆண்டுக் கடலைத் தயாரிக்கிறீர்கள். உறிஞ்சுகுழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுபோங்கள்.

மழைக்குப் பின் ஆற்றுநீர் கலந்து உப்பு 20க்கு இறங்கியிருந்தால் காற்றூட்டம் மட்டும் போதாது. கால்சியமும் காரத்தன்மையும் இரண்டுமே நீர்த்திருக்கும். பிஹெச் அழகாக 8.1 காட்டும், ஒமேகா காலை வாரும்.

மூன்றாவது சோடியம் கார்பனேட், சோடா சாம்பல். கணக்கு: ஒரு மோல் 106 கிராம், அது இரண்டு சமானம் காரத்தன்மை தரும், ஆக ஒரு சமானத்துக்கு 53 கிராம். 1000 லிட்டர் கடல்நீர் 1025 கிலோ. கிலோவுக்கு 100 மைக்ரோமோல் காரத்தன்மை ஏற்ற 0.1025 சமானம், 5.4 கிராம். இது ஒமேகாவை ஏறக்குறைய அரை அலகு தூக்கும். தொடக்க நிலையைப் பொறுத்துச் சற்று முன்பின் ஆகும். 1.2ல் இருக்கும் நீரை 2.2க்குக் கொண்டுவர 11 கிராம் அளவில் ஆகும். 4க்கு மேல் தள்ள அவசியமில்லை.

எப்படி ஊற்றுவது என்பதில்தான் பாதிப்பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். தூளை நேராகத் தொட்டியில் போடாதீர்கள். குளோரின் நீக்கிய நன்னீரில் லிட்டருக்கு 50 கிராம் கரைத்துக்கொண்டு, நீர் வேகமாகச் சுழலும் இடத்தில், உள்வரும் குழாய் வாயில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஊற்றிய இடத்தில் பால் மாதிரி வெண்மை தோன்றி உடனே மறைந்தால் பரவாயில்லை. நிலைத்து நின்றால் கால்சியம் கார்பனேட் படிந்துவிட்டது. படிகத்துகள் இருந்தால் அதன்மேல் இன்னும் படிந்துகொண்டே போகும். ஏற்ற நினைத்த காரத்தன்மை தொடங்கிய இடத்துக்கும் கீழே போகும். அரைமணி கழித்து அளந்து பாருங்கள், பிறகுதான் அடுத்த தவணை. முட்டையைக் கருவூட்டும் முன்பே நீரைச் சரிசெய்து வைக்க வேண்டும். D வடிவ ஓடு வந்தபின் சரிசெய்வது கல்யாணம் முடிந்தபின் பந்தல் போடுவது.

சோடியம் பைகார்பனேட்டை அதற்குப் பதிலாகப் போடலாமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். அது காரத்தன்மையையும் கார்பனையும் ஒரே அளவில் ஏற்றும், ஒமேகா அதிகம் நகராது. உப்புக் குறைந்த நீரில் கார்பன் கையிருப்பைத் தூக்க உதவும், ஆழ்நீர்ப் பிரச்சினைக்கு உதவாது. சோடியம் ஹைட்ராக்சைடு வேலை செய்யும், ஆனால் ஊற்றும் இடத்தில் மக்னீசியம் ஹைட்ராக்சைடு கட்டியாகும், கையும் வெந்துபோகும்.

---

தராசு

ஓதம் சொன்ன அத்தனையும் அளவீடு சரியாக இருந்தால்தான். எளிய கண்ணாடி மின்முனையை 4, 7, 10 கரைசல்களில் அளவுதிருத்திவிட்டு "பிஹெச் 8.05" என்று எழுதுகிறார்கள். அந்தக் கரைசல்களின் அயனிச் செறிவு கடல்நீரில் ஏழில் ஒரு பங்கு. கடல்நீருக்குள் வைத்ததும் முனையின் சந்திப்பு மின்னழுத்தம் மாறும். அந்த அளவுகோல் கடலியலார் பயன்படுத்தும் மொத்த அளவுகோலைவிடப் பொதுவாக 0.1 முதல் 0.15 வரை கூடுதலாகக் காட்டும். ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுத்த எல்லை எண்ணோடு இதை ஒப்பிட்டால், மோசமான நீரை நல்ல நீர் என்று நம்பிவிடுவீர்கள். 0.1 கூடுதலாகக் காட்டினால், உண்மையில் 520 பக்கம் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கணக்கில் 400 என்று வரும்.

செயற்கைக் கடல்நீரில் தயாரித்த, பிஹெச் தெரிந்த டிரிஸ் கரைசலால் அளவுதிருத்துங்கள். முடிந்தால் மெட்டா கிரெசால் ஊதாச் சாயம்: 434, 578 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலின் விகிதம் எடுத்தால் முனை நகர்வுத் தொல்லையே இல்லை. வெப்பம் மறக்க வேண்டாம். ஒரு டிகிரி ஏறினால் பிஹெச் 0.015 இறங்கும், அறைக்குக் கொண்டுவந்து பத்து டிகிரி சூடான மாதிரியில் 0.15 காணாமல் போயிருக்கும்.

ஒமேகா கணக்கிட இரண்டு அளவு வேண்டும், ஒன்று போதாது. பிஹெச்சும் மொத்தக் காரத்தன்மையும் எளிய ஜோடி. மாதிரியை உடனே அளக்க முடியாவிட்டால் போரோசிலிகேட் புட்டியில் வழியவழிய நிரப்பி, ஒரு சதவீதம் மட்டும் காற்றிடம் விட்டு, நிறைவு மெர்குரிக் குளோரைடு கரைசல் 0.02 முதல் 0.05 சதவீதம் சேர்த்து மூட வேண்டும். பிளாஸ்டிக் வழியே வாயு போய்வரும். நஞ்சூட்டாத புட்டியில் பாக்டீரியா சுவாசித்து நீங்கள் தேடிய அமிலத்தை அதுவே செய்து தரும். மெர்குரி கழிவைத் தனிக் கலனில் சேருங்கள், தொட்டித் தண்ணீரோடு விடாதீர்கள்.

---

கொம்புச்சங்கு

சோதனை செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. பிஹெச் இறக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் காரத்தன்மை குறையும், மொத்தக் கார்பன் மாறாது. உண்மையான கடலில் காரத்தன்மை அப்படியே, கார்பன் கூடுகிறது. ஒரே பிஹெச்சில் பைகார்பனேட் அளவு வேறு வேறு; பைகார்பனேட்டை உண்ணும் உயிரிக்கு அது வேறு கடல். ஆகவே கார்பன் டை ஆக்சைடைக் குமிழவிடுங்கள், அல்லது அமிலத்தோடு சரியான அளவு பைகார்பனேட் சேருங்கள்.

இன்னொரு தொற்றுநோய்: ஒரே பெரிய கலத்தில் நீரைச் சரிசெய்து பத்துச் சிறு தொட்டிகளுக்குப் பிரித்துவிட்டு "பத்து மறுபதிவு" என்று எழுதுவது. அது ஒன்றுதான். அந்தக் கலத்தில் பூஞ்சை வந்தால் பத்திலும் வரும்.

---

நீலவரி

பவளத்தை யாரும் தொடவில்லையே. அப்புறம், தொட்டியிலோ கடலடியிலோ உடைத்த சிப்பி ஓட்டைப் பரப்பினால் அதுவே நீரைச் சரிசெய்யாதா?

---

உப்புக்கல்

ஓட்டுத்தூள் கரைந்தால்தான் காரத்தன்மை வரும். ஒமேகா 1க்கு மேல் உள்ள நீரில் அது கரையாது. தொட்டிநீர் 1.4ல் இருந்து குஞ்சு சாகும்போது ஓட்டுத்தூள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் சேற்றுக்குள் கதை வேறு: மக்கும் கரிமப்பொருளால் மண்துளை நீர் 1க்குக் கீழே இருக்கும், அங்கே தூள் கரைந்து உதவும். நிலத்தில் அமரும் மட்டிக் குஞ்சுகளுக்காகச் சேற்றில் ஓட்டுத்தூள் கலந்து பார்த்ததில் குடியேற்றம் கூடியிருக்கிறது.

பவளம் தன் அறைக்குள் பிஹெச்சை உயர்த்திக்கொள்வதால் உடனே சாகாது. பாப்புவா நியூ கினியின் மில்னே விரிகுடாவில் கடலடியிலிருந்து எரிமலைக் கார்பன் டை ஆக்சைடு குமிழும் இடங்கள் உள்ளன. அங்கே பிஹெச் 7.8 பகுதியில் பவளப் போர்வையின் பரப்பு பக்கத்து நல்ல நீரோடு ஏறக்குறைய சமம். ஆனால் கிளை விட்ட வகைகள் அருகிப்போய் உருண்டைப் போரைட்டிஸ் பவளங்களே ஆட்சி. மீன்குஞ்சும் நண்டும் ஒளிய இடமில்லை. 7.7க்குக் கீழே பாறை உருவாவதே நின்றுவிட்டது. கீழே விழுந்த செத்த பவளத்தையும் மணலையும் யாரும் காப்பதில்லை, துளையிடும் கடற்பஞ்சுகளும் அமில நீரில் சுறுசுறுப்பு. கிரேட் பாரியர் ரீஃபின் ஒன் ட்ரீ தீவில் பாறைமேடை மீது சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த நீரைப் பாயவிட்டு, நீரின் வேதியியலைத் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்கு நெருக்கமாக்கினார்கள். சுண்ணாம்பு சேர்வது சுமார் 7 சதவீதம் கூடியது. 2016ல் வெளியான முடிவு. அதாவது இழப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

---

நீலவரி

நன்றி. சோடா சாம்பல் கணக்கைச் சரிபார்க்கிறேன். கைவசம் உள்ளது சலவைச் சோடா, பெரிய கண்ணாடி மாதிரிப் படிகம். 1000 லிட்டருக்கு அதிலும் 5.4 கிராம்தானே?

---

ஓதம்

இல்லை, நல்லவேளை கேட்டீர்கள். கண்ணாடி மாதிரிப் படிகம் என்றால் பத்து நீர் மூலக்கூறு சேர்ந்தது. மோல் 286 கிராம், அதில் 63 சதவீதம் வெறும் தண்ணீர். 5.4 கிராமுக்குப் பதில் 14.7 கிராம் வேண்டும். அதிலும் அந்தப் படிகம் காற்றில் வைத்தாலே நீரை இழந்து வெள்ளைப் பொடி பூக்கும். பாதி பூத்த பொட்டலத்தில் எவ்வளவு சோடா இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. சலவைக்கு விற்பதில் வாசனையும் நுரைப்பானும் கலந்திருக்கலாம். இளவுயிரிக்கு அது போதும், போய்ச் சேர.

---

தராசு

உணவுத்தரச் சமையல் சோடா கிடைத்தால் அதிலிருந்தே செய்துகொள்ளலாம். அகலமான தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி 200 டிகிரியில் ஒரு மணி நேரம், நடுவில் ஒருமுறை கிளறி. நீரும் கார்பன் டை ஆக்சைடும் போய் 168 கிராம் 106 ஆகும், அதாவது எடையில் 37 சதவீதம் குறைய வேண்டும். 30ல் நின்றால் வேகவில்லை, திரும்ப உள்ளே வையுங்கள். ஆறியதும் காற்றுப்புகாத டப்பாவில். அது ஈரத்தை இழுக்கும், அடுத்த மாதம் எடுத்தால் மறுபடி காயவைத்துத்தான் நிறுக்க வேண்டும்.